சேவியர் அண்ணரின் கார் இப்போது யாருடைய வாசலில்?

சேவியர் அண்ணர் காலமான செய்தி வந்தபோது நான் அவருடைய காருக்குள்தான் இருந்தேன். காலையில் நெஞ்சு அடைக்கிறது என்றவரை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, பார்வையாளர் நேரத்துக்கு வரச் சொன்னார்கள் என்று கொட்டாஞ்சேனைக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். எங்கள் ஒழுங்கை முனையில், சந்து திரும்பும் இடத்தில், போன் அடித்தது. ஓரம்கட்டிவிட்டு எடுத்தேன். "உங்கட ஆள் போயிட்டார், ஐயா" என்றது ஒரு பெண்குரல். கார்ச் சத்தம் கேட்டால் அண்ணரின் மனைவி ரோஸ் அக்கா கேற்றைத் திறந்துகொண்டு ஓடி வருவார். அந்த முகத்தைப் பார்க்கப் பயந்து காரை என் வாசலிலேயே நிறுத்திவிட்டு, நடந்து போய்ச் சொன்னேன்.

காரை எங்கே நிறுத்தினால்தான் என்ன என்று அவரைத் தெரியாதவர்கள் கேட்பார்கள். எங்கள் ஒழுங்கையில் அதுதான் பெரிய கேள்வி.

அண்ணர் துறைமுகத்தில் கிளாக்கராக இருந்தவர். வெள்ளவத்தையில் ஒரு குடும்பம் வெளிநாடு போகிறது, பழைய மொறிஸ் மைனர் ஒன்றைக் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, துணைக்கு என்னையும் கூட்டிப் போனார். நான் எதற்கும் பயப்படுகிறவன். "அண்ணை, பிரேக் பிடிக்குமோ?" என்று கேட்டேன். "பிடிக்கும் தம்பி. கொஞ்சம் யோசிச்சுப் பிடிக்கும்" என்றார்.

திரும்பி வரும்போது கொள்ளுப்பிட்டியில், காலி வீதியின் நட்டநடுவே கார் நின்றுவிட்டது. பின்னால் பஸ்கள் ஹோர்ன் அடித்துக் கிழித்தன. எங்கிருந்தோ ஓர் ஓட்டோக்காரர் வந்தார், தொப்பி போட்ட ஒரு முதலாளி கடையை விட்டு இறங்கி வந்தார், பொலிஸ்காரர் ஒருவர் "தல்லு கரமு", தள்ளுவோம் என்று சிங்களத்தில் சொல்லிக்கொண்டு தானும் கைகொடுத்தார். எல்லோருமாகத் தள்ளியதில் கார் உறுமிக் கிளம்பியது. இறங்கி நன்றி சொல்லக்கூட நேரமில்லை.

மருதானை வந்ததும் அண்ணர் வேகத்தைக் குறைத்தார். பிறகு சொன்னார்: "பாத்தீரோ தம்பி? இது ஆரின்ட கார் எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை. தள்ளிவிட்டாங்கள். அப்ப நான் மட்டும் ஏன் என்ட கார் எண்டு சொல்லவேணும்?"

பைத்தியக்காரக் கதை என்றுதான் நினைத்தேன். அவர் அதைச் செய்தே காட்டினார். அவசரத்துக்கு ஒழுங்கையில் யாரும் காரை எடுக்கலாம். கார் ஓடத் தெரியாதவர்களுக்கு அவரே ஓட்டிக்கொண்டு போவார். ஒரே ஒரு நிபந்தனை: கடைசியாக யாருக்கு அது தேவைப்பட்டதோ, அவர்களுடைய வாசலில்தான் கார் நிற்க வேண்டும். சாவி பின் சீற்றுக்கு அடியில் கிடக்கும். அது ஒழுங்கைக்கே தெரியும். நான் பொறுக்கமாட்டாமல், "களவு போனா என்ன செய்வியள்?" என்று கேட்டால், "தள்ளத் தெரிஞ்ச கள்ளனெண்டாத்தான் கொண்டுபோவான்" என்று சிரிப்பார்.

காரோடும்போதுதான் அவருடைய கனவுகள் எல்லாம் வெளியே வரும். கொழும்பில் ஒழுங்கைக்கு ஒரு கார் போதுமாம். வீதியெல்லாம் வெறிச்சோடுமாம், பிள்ளைகள் நடுவீதியில் கிரிக்கெட் அடிப்பார்களாம், பிறகு ஆளுக்கொரு மதிலும் தேவையில்லையாம். "அண்ணை, முன்னுக்குப் பஸ்" என்று நான் கத்துவேன். பஸ்ஸை விலத்திவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடருவார்.

நாடு முழுக்கப் பெற்றோல் இல்லாத அந்த மாதங்களில் டாங்கியின் அடியில் கொஞ்சம் கிடந்தது. முகத்துவாரத்தில் தன் தம்பி வீட்டுக் கல்யாணத்துக்குக்கூட அண்ணரும் அக்காவும் பஸ்ஸில் இடிபட்டுத்தான் போனார்கள். எங்கள் ஒழுங்கை ஹாஜியார் வீட்டு மகளுக்குப் பேறுமாதம் கிட்டியிருந்தது. அந்தப் பிள்ளை அந்தப் பெற்றோலில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனாள். பேரன் பிறந்து நெடுநாள் கார் ஹாஜியார் வாசலில் நின்றது. அண்ணர் போகும்போதும் வரும்போதும் அதைப் பார்த்துக்கொண்டே போவார்.

கடைசிக் காலையில் நான்தான் காரை ஓடினேன். இரண்டாம் கியரைத் தாண்டவில்லை. பக்கத்தில் நெஞ்சைப் பிடித்தபடி, "பயப்பிடாதையும் தம்பி, வடிவா ஓடுறீர்" என்றார். போகிறவர் எனக்குத் தைரியம் சொன்னார். அதை நினைக்க நினைக்கத் தாங்க முடியவில்லை.

அடக்கத்துக்கு மகன் ஜெரோம் கனடாவிலிருந்து வந்திருந்தார். மாதம்பிட்டிக் கல்லறையிலிருந்து திரும்பியதும் என்னிடம் கேட்டார்: "அங்கிள், அப்பாட கார் எங்க? வித்திட்டுப் போனா அம்மாவுக்குக் கரைச்சல் இல்லை."

நியாயமான பேச்சுத்தான். கார் என் வாசலில், படங்குத் துணிக்கு அடியில் நின்றது. நாலைந்து நாளாக அண்ணரின் சொல்லை மீறி வைத்திருந்தேன். கடைசியாக அது தேவைப்பட்டவர் அவர்தானே. அவருடைய வாசலில் விட்டால் மகன் விற்பார். விடாவிட்டால் அண்ணரின் பேச்சு பொய்யாகும். அன்று பின்னேரம் கொண்டுபோய் அவர்கள் கேற்றுக்கு முன்னால் விட்டேன். ரோஸ் அக்கா ஜன்னலால் பார்த்தார், வெளியே வரவில்லை.

விடிந்ததும் எட்டிப் பார்க்கிறேன், வாசல் வெறுமை. முடிந்தது என்று நினைத்தேன். கட்டியிருந்த சாரத்தோடேயே ஒழுங்கையால் இறங்கி நடந்தேன். ஹாஜியார் வாசலில் இல்லை. முனைக் கடையிலும் இல்லை. வளைவு திரும்பினால், எங்கள் ஒழுங்கையின் சிங்களக் குடும்பமான குசுமா அக்கா வீட்டுக் கேற்றுக்கு முன்னால் கார் நிற்கிறது. படியில் ஜெரோம் பிளேன்ரீ குடித்துக்கொண்டிருக்கிறார்.

"இந்த அக்கா விடியவே வந்து கேற்றில தட்டினா, அங்கிள். புருஷனுக்கு மூச்சு இழுக்குதாம். கொண்டுபோய்க் காட்டிக் கூட்டிவந்தனான். திருப்பி எங்கட வாசலுக்கு எடுக்க வெளிக்கிட்டா விடுறாவில்லை."

குசுமா அக்கா சிங்களம் கலந்த தன் தமிழில் சொன்னார்: "இங்கதான் நிக்கவேணும் புத்தா. தாத்தா சொன்னது." சிங்களத்தில் புத்தா என்றால் மகன், தாத்தா என்றால் அப்பா.

ஜெரோம் காரைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "பிரேக் ஒரு மாதிரிக் கிடக்கே, அங்கிள்?"

"கொஞ்சம் யோசிச்சுப் பிடிக்கும், தம்பி" என்றேன்.

வருகிற கிழமை அவர் கனடா போகிறார். விற்பாரா மாட்டாரா என்று இன்னும் வாய்விட்டுச் சொல்லவில்லை. எனக்கும் கேட்கப் பயமாக இருக்கிறது. அண்ணை, ஒன்று மட்டும் உங்களுக்குச் சொல்லவேண்டும். நீங்கள் போன பிறகு அந்தக் கார் உங்கள் வாசலில் ஓர் இரவுதான் நின்றது. போய் ஆறுதலாகப் படுங்கள்.