விண்கலம் திரும்பிய வாரம்

சிறுவயதில் நான் உயிராக நினைத்த விண்வெளித் தொடர்கதையைப் படமாக எடுத்திருக்கிறார்கள். அடுத்த மாதம் வருகிறது. எல்லோரும் ஆவலாகக் காத்திருக்கிறார்கள்; எனக்குச் சந்தேகம். முன்னோட்டத்தில் விண்கலம் தரையிறங்குவதுபோல ஒரு காட்சி வருகிறது. கதையில் அது திரும்பவே திரும்பாது. திரும்பிவிட்டதாக முதலில் சொன்னவன் நான்தான்.

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீடும் பெரியப்பா வீடும் எதிரெதிரே இருந்தன. இரண்டு வீட்டுக்கும் ஒரே வார இதழ். தறியில் இருப்பவர்களுக்குக் கை ஒழியாது என்பதால் பிள்ளைகள்தான் வாசித்துக் காட்ட வேண்டும். முதலில் எங்கள் வீட்டில் நான் வாசிப்பேன். மறுநாள் பெரியப்பா மகன் தன் வீட்டில் வாசிப்பான். தறிச் சத்தம் நின்றால் கதை பிடித்துவிட்டது என்று பொருள். அத்தை மூலையில் ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டே கேட்பாள். அவள் கணவர் பம்பாய்க்குப் போனவர், போனவர்தான். விண்வெளிக்குப் போன நாயகனின் மனைவி வரும் இடங்களில் ராட்டையும் நின்றுவிடும்.

நாயகன் வந்துவிடுவான் என்று தெருவெல்லாம் அடித்துச் சொல்லியிருந்தேன். கடைசி அத்தியாயத்தில் அவன் வரவில்லை. தோற்க மனமில்லாமல், வந்துவிட்டான் என்று மாற்றி வாசித்தேன். அத்தைக்காகச் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். அது உண்மையில்லை.

மறுநாள் எதிர்வீட்டில் அவன் வேறு முடிவு வாசிப்பது எங்கள் வீடுவரை கேட்டது. எங்கள் வீட்டில் நெய்துகொண்டிருந்த சித்தப்பா தறியை விட்டு எழுந்து போனார். பின்னாலேயே நானும் அத்தையும் போனோம்.

“இன்னாடா, எங்க வூட்ல வந்துட்டான், உங்க வூட்ல மட்டும் வரலியா?”

“வரல சித்தப்பா. அப்டித்தான் போட்டிருக்குது.”

“இவன் கிளாஸ்ல பர்ஸ்ட்டு. தப்பா படிப்பானா? பொஸ்தகத்த எட்துக்கினு வா, பாத்துடலாம்.”

அவன் உள்ளே போனான். நான் சித்தப்பாவின் முதுகுக்குப் பின்னால் நகர்ந்தேன். கையில் பாதி சுற்றிய நூலோடு அத்தை வாசற்படியில் நின்றிருந்தாள்.

“நெஜமாவே வரலியாப்பா?” என்று உள்ளே பார்த்துக் கேட்டாள்.

அவன் வெறுங்கையோடு வந்தான்.

“நான்தான் தப்பா படிச்சிட்டேன் அத்தை. வந்துட்டான்.”

“கண்ணு தெரியலன்னா சொல்லுடா, கண்ணாடி வாங்கலாம்” என்று சித்தப்பா சிரித்தார். பெரியப்பா சிரிக்கவில்லை. வாசிக்கும் வேலையை அவனிடமிருந்து பிடுங்கி அவன் தங்கையிடம் கொடுத்துவிட்டார். தெருப் பிள்ளைகள் அவனைப் புளுகன் என்றார்கள். நானும் சொன்னேன்.

ஆனாலும் நிம்மதி இல்லை. இதழை எங்கோ ஒளித்து வைத்திருக்கிறான், சமயம் பார்த்து என்னை மாட்டிவிடுவான் என்று அவன் பின்னாலேயே அலைந்தேன். பள்ளிப் பையைக்கூடத் துழாவினேன். அவன் சிரித்தால் சந்தேகம். சிரிக்காவிட்டால் இன்னும் சந்தேகம். அத்தையோ, “அவ்ளோ தூரம் போனவனே வந்துட்டான், பம்பாய் இன்னா தூரம்?” என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். அப்போதும் அவன் வாயைத் திறக்கவில்லை.

நேற்று போன் செய்தான். “படத்துக்கு ரெண்டு பேரும் போலாம்பா. இவனுங்க இன்னா பண்ணி வெச்சிருக்கானுங்கன்னு பாக்கலாம்.”

என்ன திட்டம் வைத்திருக்கிறான் என்றுதான் இந்த வயதிலும் முதலில் தோன்றியது. போனை வைத்த பிறகும் அந்த வாசல் கண்ணிலேயே நின்றது. என்னைப் பிறகு மாட்டிவிடத்தான் அவன் இதழை ஒளித்துவிட்டு வெறுங்கையோடு வந்தான் என்று அன்று நினைத்தேன். அவன் அத்தையின் முகத்தைத்தான் பார்த்தான். என்னைப் பார்க்கவே இல்லை. அது அன்று சிறுவனாக இருந்த எனக்குத் தெரியவில்லை.