பீற்றரண்ணனுக்குக் குறைந்த இரண்டு வருடம்

பீற்றரண்ணனுக்கு ஓய்வூதியம் வர இரண்டு வருடம் குறைந்தது. அந்த இரண்டு வருடமும் அவரிடம் இருந்ததுதான் கொடுமை.

குருக்கள்மடத்துறையில் ஆளையும் சைக்கிளையும் உழவு மெசினையும் ஏற்றி, வடத்தை இழுத்து வாவியைக் கடக்கும் இரும்புத் தட்டைத்தான் நாங்கள் பாதை என்போம். அவரும் நானும் அதில்தான் வேலை. சண்டைக் காலத்தில் இந்தக் கரையில் ஆமி, அந்தக் கரையில் புலிகள் இயக்கம். இரண்டு பேருக்கும் பல்லைக் காட்ட வேண்டும். இருபது வருடத்துக்கு மேல் நாள் சம்பளம். 2002இல்தான் அவரை நிரந்தரமாக்கினார்கள். 2010இல் அறுபது வயது. ஆக எட்டு வருடச் சேவை. பத்து இல்லாவிட்டால் மாதாமாதம் ஒன்றும் வராது. அவருக்குப் பிறகு அவர் மனைவி செபஸ்தியம்மா அக்காவுக்கும் வராது. அக்காவுக்குச் சீனி வருத்தம், ஒரு காலில் இரண்டு விரலை எடுத்தாயிற்று.

கந்தோரில் கிளார்க் கம்சாயினி கோவையைப் புரட்டிவிட்டுக் கேட்டாள்:

"ஐயா, இதுக்கு முதல் வேற அரசாங்க வேலை ஏதும் செஞ்ச நீங்களா?"

அண்ணன் வாசலைத் திரும்பிப் பார்த்தார். சண்டை முடிந்து ஒரு வருடம். ஆனாலும் பார்த்தார்.

"ஆமிட தொண்டர் படையில இரிந்தன் பிள்ளை. எழுபத்தொண்டில இருந்து மூண்டு வருசம்."

அவரோடு இத்தனை காலம் வடம் இழுத்த எனக்கே இது தெரியாது.

"படை நம்பர் இரிந்தாக் கொழும்புக்கு எழுதித் தேடலாம் ஐயா. அந்த வருசத்தையும் சேக்கச் சொல்லிக் கேட்டுப் பாக்கலாம்."

நம்பர் அவருக்கு நினைவில்லை. படையிலிருந்து விடுவித்த ஒற்றைத் தாள் கடிதத்தைக் கூரைக்குள் ஒளித்துச் செருகியிருந்தார். சுனாமி கூரையையே கொண்டுபோய்விட்டது. மிஞ்சியது சேவைப் புத்தகம் ஒன்று. எண்பத்தைந்தில், இயக்கத்தின் கண்ணில் பட்டுவிடும் என்று அதை வீட்டில் வைக்கப் பயந்து, புடவை மூட்டையோடு பாதையில் வந்துபோகும் ஏறாவூர்ச் சரீப்பிடம் கொடுத்திருந்தார்.

அடுத்த நாளே போனோம். பஸ்ஸில் அண்ணன், முதல் மாதக் காசில் அக்காவுக்கு மெத்தென்ற செருப்பு ஒன்று வாங்க வேண்டும் என்றார்.

சரீப் கடை வாசலிலேயே கண்டுவிட்டார்.

"அடே பீற்றர்! நீ இன்னும் மவுத்தாகல்லியா?"

"உன்னட்டத் தந்த சாமானை வாங்காமச் சாவனா?"

சரீப் உள்ளே போய்ப் பழைய பால்மா டின் ஒன்றை எடுத்து வந்தார்.

"தொண்ணூறில இயக்கத்துக்குப் பயந்து ஊட்ட உட்டு ஓடக்குள்ள பொஞ்சாதி றமீஸாட நகைய மறந்திட்டன். இத மறக்கல்ல. அவள் இண்டைக்கும் ஏசுறாள்."

அண்ணன் புத்தகத்தை விரித்தார். படம் இருந்த இடம், பெயர் இருந்த இடம், நம்பர் இருந்த இடம் மூன்றும் ஓட்டை.

"இதென்ன, கறையான் சதுரமாத் தின்னுமா?" என்றேன்.

"நான்தான் வெட்டினன். தாறதுக்கு முதல், பிளேட்டால. ஆரும் புடிச்சாச் சரீப்பக் கரைச்சல்படுத்தக்கூடாதெண்டு."

"மடையா! பேரில்லாட்டி உட்டிருவானுகளா?" சரீப் தலையில் கைவைத்தார். "வெட்டின துண்டு எங்க?"

"வாவில."

"நம்பர் மனசிலயும் இல்லியா?"

"அடிச்சுக் கேட்டாலும் வாயில வரக்கூடாதெண்டு மறந்தனான். மறக்க நாலஞ்சு வருசம் எடுத்த."

றமீஸா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தா. குடித்துவிட்டு வந்தோம்.

கம்சாயினி பெயரை மட்டும் வைத்து எழுதினாள். நல்ல பிள்ளை, மூன்று முறை எழுதினாள். அதே பெயரில் வேறு ஆட்களும் இருப்பதாகவும் நம்பர் வேண்டும் என்றும் ஒரே பதில்தான் வந்தது.

அறுபது முடிந்த அன்று வேலையால் நிறுத்தினார்கள். கையில் கொடுத்த காசு வீட்டுக்குக் கூரை போட்டதோடு முடிந்தது. இப்போது காலையில் துறையடியில் வீச்சுவலையோடு நிற்கிறார். பாதை வந்தால் மீன் கலையுது என்று என்னைத்தான் ஏசுவார். அக்கா பழைய செருப்போடு வந்து மீனை வாங்கிப் போவா.

போன கிழமை வலையை உதறிக்கொண்டிருந்தவர் திடீரென்று நிமிர்ந்தார்.

"டேய், அது ஏழில துவங்கும்."

மற்ற இலக்கங்களும் வருமென்று வடத்தைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டு நின்றேன். வரவில்லை. பாதையில் நின்ற சனம் சத்தம் போட்டது. இழுத்தேன்.