ஒரு கிளாஸ் வெள்ளம்

விசுவாசக் குடும்பத்தாரே, எழுத வேண்டும், புத்தகம் போட வேண்டும் என்ற ஆசை உங்களில் பலருக்கு உண்டு என்று எனக்குத் தெரியும். எனக்கும் இருந்தது. அந்த ஆசையால் ஒரு விதவையின் மானத்தை நானே அச்சிலேற்றி விற்கக் கொடுத்துவிட்டேன் என்று ஒரு சனிக்கிழமை மத்தியானம் தெரிந்தபோது நான் பட்ட பயம் இருக்கிறதே, அதை என் எதிரிக்கும் கர்த்தர் காட்டக் கூடாது.

என் பெயர் ஜெஸி. கொச்சி மட்டாஞ்சேரியில் மிளகும் சுக்கும் மொத்தமாக விற்கிற ஒரு கடையில் பில் போடுகிறேன். என் அப்பா அம்மா தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். நான் பிறந்தது, வளர்ந்தது எல்லாம் இங்கேதான். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம். தமிழ் எழுத்தை ஞாயிறு பள்ளியில்தான் கற்றேன். பேசச் சொன்னால் பேசுவேன், ஆனால் தமிழை வேகமாக வாசிக்கச் சொன்னால் இன்றைக்கும் கொஞ்சம் நொண்டுவேன்.

எங்கள் தமிழ் ஜெபக்கூட்டத்துக்கு வருகிறவர்கள் ஹோட்டலில் பாத்திரம் கழுவுகிறவர்கள், மார்க்கெட்டில் வியாபாரம் செய்கிறவர்கள், கட்டட வேலைக்குப் போகிறவர்கள். அவர்கள் எழுந்து சாட்சி சொல்லும்போது எனக்கு மயிர்க்கூச்செடுக்கும். இதையெல்லாம் யாராவது எழுதி வைக்க வேண்டுமே என்று நினைத்தேன். ஒருவரும் எழுதவில்லை, நானே தொடங்கினேன். கடையில் கூட்டமில்லாத நேரத்தில் போனிலேயே தட்டித் தட்டி எழுதினேன்.

எழுதி முடித்ததும் பெரிய பதிப்பகங்களுக்கு அனுப்பினேன். ஒருவரும் பதில் போடவில்லை. பதில் வரவில்லை என்றால் எழுதியது மோசம் என்று அர்த்தமில்லை, அவர்கள் அந்த வகைப் புத்தகம் போடாதவர்களாகவும் இருக்கலாம். அனுப்புவதற்கு முன்பு அவர்கள் என்ன போடுகிறார்கள் என்று பார்த்து அனுப்ப வேண்டும். இதை எனக்கு அன்றைக்கு யாரும் சொல்லவில்லை. அதனால் ஒரு மழைக்காலம் முழுக்க அழுதுகொண்டிருந்தேன்.

கடைசியில் திருநெல்வேலியில் சாட்சிப் புத்தகங்கள் போடுகிற ஒரு சின்ன அச்சகம் கிடைத்தது. அங்கே பிழை திருத்துவது, பக்கம் கட்டுவது, அச்சேற்றுவது எல்லாம் டேனியல் என்ற ஒரே மனிதர். தங்கமான தம்பி. என் தமிழைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டிருப்பார், ஆனாலும் பொறுமையாகத் திருத்தி, புத்தகம் முழுவதையும் போனுக்கு அனுப்பிவைத்தார். "ஒரு தடவ நல்லா வாசிச்சுட்டு ஓகே சொல்லுங்கக்கா. அதுக்கப்புறம் மாத்த முடியாது" என்றார். நான் வாசித்தேன். சத்தியமாக வாசித்தேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஓகே என்று போட்டு, கைகூப்பும் படம் ஒன்றும் சேர்த்து அனுப்பினேன்.

அந்தச் சனிக்கிழமை என் வீட்டுக்காரர் அரைநாள் வேலை முடித்து வந்தார். அவர் வெலிங்டன் தீவில் ஒரு சரக்குக் கிட்டங்கியில் வேலையில் இருக்கிறார். தூத்துக்குடியில் பிறந்து அங்கேயே தமிழில் படித்தவர். படகில் வரும்போது என் புத்தகத்தைப் போனில் படித்திருக்கிறார். வாசலில் செருப்பைக் கழற்றாமலே நின்றார். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"ஏட்டி ஜெஸி, நம்ம ரோஸ்லின் அக்கா அந்த ஹோட்டல் மேனேஜரோட குடித்தனம் நடத்துனாங்களா?"

"எந்தா பறயுறீங்க? வாயக் கழுவுங்க!"

"நீதான எழுதியிருக்க!" என்று போனை நீட்டினார்.

ரோஸ்லின் அக்காவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கணவர் இறந்தபின் ஒரே மகளைக் கூட்டிக்கொண்டு திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இங்கே வந்து ஒரு ஹோட்டலில் சமையல் வேலைக்குச் சேர்ந்தார். தங்க இடமில்லை. மேனேஜர் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிற ஆள். வேலை முடிந்ததும் அக்கா அந்தச் சேட்டனிடம் இரண்டு வார்த்தை ஆண்டவரைப் பற்றிப் பேசிவிட்டுத்தான் போவார். அவர் மனம் மெல்ல இளகியது. ஹோட்டலுக்குப் பின்னால் சும்மா கிடந்த ஓர் அறையைத் தாயும் மகளும் தங்கக் கொடுத்தார். இதைத்தான் நான் எழுதினேன். எப்படி எழுதினேன்? "வேலை முடிந்ததும் மேனேஜரோடு தினமும் சம்சாரித்தார். அதனால்தான் அவருக்கு ஒரு முறி கிடைத்தது" என்று எழுதினேன்.

இங்கே வளர்ந்த எனக்குச் சம்சாரம் என்றால் பேச்சு. முறி என்றால் அறை. மலையாளத்தில் அப்படித்தான். தமிழில் சம்சாரம் என்றால் மனைவி, குடும்பம், தாம்பத்தியம் என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் எழுதும்போது தெரிந்தது எல்லாம் கைக்கு வருவதில்லையே! சம்சாரித்தார் என்று தமிழில் ஒரு சொல் இல்லையே என்று டேனியல் தம்பி திருத்தியிருக்கிறார். அவர் திருத்திய பிறகு அந்த இடம் இப்படி இருந்தது: "வேலை முடிந்ததும் மேனேஜரோடு தினமும் சம்சாரம் நடத்தினார். அதனால்தான் அவருக்கு ஓர் அறை கிடைத்தது."

அவர்மேல் தப்பு சொல்ல முடியாது. சாட்சி என்றால் பழைய பாவத்தைச் சொல்லித்தானே மனந்திரும்பியதைச் சொல்வார்கள். அப்படி நினைத்திருக்கிறார். நானோ வாசித்தபோது என் மலையாளக் கண் அதைப் பேச்சு என்றே படித்துக்கொண்டு போய்விட்டது. இன்னும் நூறு தடவை வாசித்திருந்தாலும் அப்படித்தான் போயிருக்கும்.

உடனே டேனியல் தம்பியின் நம்பரைத் தேடினேன். ஏனென்றால் ரோஸ்லின் அக்காவின் மகள் பிரின்சிக்கு ஊர்ப் பக்கத்திலேயே மாப்பிள்ளை நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளையின் அம்மா ரொம்பக் கறாரான விசுவாசி. புத்தகத்தில் தன் சம்பந்தியின் சாட்சி வருகிறது என்று கேள்விப்பட்டு, அச்சானதும் முதல் கட்டைத் தங்கள் சபைக்கே அனுப்பச் சொல்லியிருந்தார். டேனியல் தம்பி அந்தச் சனிக்கிழமையே அனுப்புவதாகச் சொல்லியிருந்தார். மறுநாள் ஞாயிறு.

போன் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று ஒரு பெண் குரல் சொன்னது. திரும்பவும் போட்டேன். திரும்பவும் அதே குரல். என் வீட்டுக்காரர் திருநெல்வேலியில் இருக்கும் தன் மச்சானை அச்சகத்துக்கு ஓடச் சொன்னார். மச்சான் போய்ப் பார்த்துவிட்டு, கதவு பூட்டிக் கிடக்கிறது, பக்கத்துக் கடைக்காரருக்கும் ஒன்றும் தெரியவில்லை என்றார். அப்படியானால் புத்தகம் போய்விட்டது. வேறென்ன நினைப்பது?

சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். நான் செய்தது அழகான ஜெபம் இல்லை. "ஆண்டவரே, அந்த அச்சு மெஷினை உடைத்துப் போடும், வண்டியைப் பஞ்சராக்கும்" என்று பிதற்றினேன். பிறகு அதற்கும் பயம் வந்தது. அந்தத் தம்பியின் பிழைப்பைக் கெடுக்கச் சொல்கிறேனே என்று. கடைசியில், "எனக்கு வழி தெரியவில்லை. அந்த வார்த்தையை நீரே நிறுத்தும்" என்று மட்டும் சொன்னேன். ஜெபித்ததும் சமாதானம் வந்தது என்று பலர் சாட்சி சொல்வார்கள். எனக்கு வரவில்லை, உள்ளதைச் சொல்கிறேன்.

அப்போது பார்த்துத்தான் ரோஸ்லின் அக்கா வந்தார். கையில் கப்பைக்கிழங்கும் மீன்கறியும். முகமெல்லாம் சிரிப்பு.

"ஏ ஜெஸி, சம்பந்தியம்மா போன் பண்ணுனா பிள்ள. புஸ்தகம் வந்ததும் நாளைக்கு ஆராதனையில என் சாட்சிய மைக்குல வாசிக்கச் சொல்லப் போறாளாம். எனக்கு வெக்கமா இருக்கு."

மைக்கில்! என் வீட்டுக்காரர் சாயா குடிக்கப் போவதாகச் சொல்லி நழுவப் பார்த்தார். நான் அவர் சட்டையைப் பிடித்து நிறுத்தினேன். மறைக்கலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. மறைத்து என்ன பயன்? நாளைக்கு ஊரே சொல்லும். அக்கா கையிலிருந்த பாத்திரத்தை வாங்கி வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"நீ எழுதுனது என்ன? அத மட்டும் சொல்லு."

"பேசுனீங்கன்னுதான் அக்கா எழுதுனேன். என் பிள்ளைங்க மேல ஆணை."

"ஆணையெல்லாம் வேண்டாம். பேசத்தான செஞ்சேன். அது கர்த்தருக்குத் தெரியும்."

"கர்த்தருக்குத் தெரியும் அக்கா. உங்க சம்பந்தி வீட்டுக்குத் தெரியாதே!"

சம்பந்தியம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடலாமா என்று என் வீட்டுக்காரர் கேட்டார். "சொன்னா, நெருப்பில்லாமலா புகையுதும்பா" என்றார் அக்கா. அதுவும் உண்மை. என்னைத் திட்டுவார், அடிப்பார் என்று காத்திருந்தேன். அவர் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, என் கையைத் தன் கைக்குள் பிடித்துக்கொண்டார். "ஆண்டவரே, இந்தப் பிள்ள பயப்படுறா. இவளத் தேற்றும்" என்று ஜெபித்தார். தன் மகளுக்காக ஒரு வார்த்தை கேட்கவில்லை, எனக்காகக் கேட்டார். அப்போதுதான் எனக்கு அழுகையே வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் கூட்டத்துக்குப் போனோம். பாட்டுப் பாடினார்கள், என் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. அங்கே இந்நேரம் ஆராதனை தொடங்கியிருக்கும், இந்நேரம் மைக்கைக் கையில் எடுத்திருப்பார்கள் என்றே மனம் ஓடியது. மடியில் இருந்த போன் அதிர்ந்தது. டேனியல் தம்பி! வெளியே ஓடினேன். அக்காவும் பின்னாலேயே வந்தார்.

"மன்னிச்சிருங்கக்கா, மச்சினன் வீட்டுப் பால்காய்ப்புக்கு மலையடிவாரத்துக்குப் போயிருந்தேன். அங்க டவரே கிடையாது. இப்பதான் பாக்கேன், இவ்வளவு மிஸ்டு கால்! புஸ்தகம் போகலன்னுதான கோவம்?"

"போகலயா?" என்று கத்தினேன்.

"எங்க போக? ஒரு ஃபாரம் இன்னும் அச்சேறலக்கா. ரோஸ்லின் அக்கா சாட்சி வருதுல்லா, அந்தப் பதினாறு பக்கம். அது இல்லாம எப்படி பைண்ட் பண்ண? கடைசி நேரத்துல ஒரு வார்த்தையில சந்தேகம் வந்துட்டு. உங்ககிட்ட கேக்கணும்னு நிறுத்தி வச்சேன். சம்பந்தியம்மாட்டயும் திங்கக்கெழமதான்னு நேத்தே சொல்லச் சொல்லி ஆள் விட்டேனே."

அந்த வார்த்தையைத்தான் கண்டுபிடித்துவிட்டார் என்று நினைத்தேன். "சம்சாரமா?" என்று கேட்டேன்.

"அதில்லக்கா, அதுல என்ன சந்தேகம்? அதே பக்கத்துல மேல வருது பாருங்க. நீங்க வெயில்ல மயங்கி விழுந்தப்ப அந்தக்கா ஒரு கிளாஸ் வெள்ளம் குடுத்தாங்கன்னு. வெள்ளம்னா ஆத்துல வாறதுல்லா? கிளாஸ்ல எப்படி வரும்? மயக்கத்துக்கு வெல்லம் கரைச்சுக் குடுத்ததத்தான் எழுத்துப் பிழையா எழுதிட்டீங்களோன்னு நெனச்சேன். இல்ல, தண்ணியத்தான் சொல்றீங்களோ? வெல்லமா, தண்ணியா? சாட்சியில நம்மளா ஒண்ணப் போட்டுறக் கூடாதுல்லா, அதான்."

மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர். அதையும் நான் தெரியாமல் எழுதியிருக்கிறேன். ஒரு தப்பான சொல் வழியில் குறுக்கே படுத்து, அதற்குக் கீழே இருந்த கொடிய சொல்லைத் தடுத்து வைத்திருக்கிறது. அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். அந்தத் தம்பி, "ஐயோ ஆண்டவரே, ஐயோ ஆண்டவரே" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். சம்சாரம் நடத்தினார் என்பது போனது. பேசினார் என்ற எளிய சொல் வந்தது. புத்தகம் அடுத்த வாரம் அந்தச் சபைக்குப் போய், மைக்கில் வாசிக்கப்பட்டது. சம்பந்தியம்மா கேட்டு அழுதாராம். பிரின்சி இப்போது அந்த வீட்டு மருமகள்.

அதற்குப் பிறகு நான் பழைய ஜெஸி இல்லை. எங்கள் கூட்டத்தில் எழுத ஆசைப்படுகிறவர்கள் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் என்னோடு உட்காருகிறார்கள். எழுதியதை அவரவரே சத்தமாக வாசிக்க வேண்டும். இந்தப் பக்கம் வளர்ந்த ஒருவரும் ஊர்ப் பக்கம் வளர்ந்த ஒருவரும் கேட்க வேண்டும். என் கண்ணுக்குத் தப்பியது என் வீட்டுக்காரர் கண்ணில் பட்டதே! யாரைப் பற்றி எழுதினோமோ அவர் தன் காதால் கேட்டுத் தலையசைக்காமல் அச்சகத்துக்கு ஓகே போகாது. திருத்துகிறவர் சந்தேகம் கேட்டால் கோபப்படாதீர்கள். அந்தச் சந்தேகத்தில்தான் எனக்கு உயிர் வந்தது. இப்போதும் ஒவ்வொரு புத்தகம் போகும்போதும் எனக்குப் பயம்தான். ஆனால் அந்தப் பயத்தோடு எங்கே போய் உட்கார வேண்டும் என்று தெரியும்.

எழுத ஆசைப்படுகிற சகோதரனே, சகோதரியே, தமிழ் சரியாக வராது என்று நிறுத்திவிடாதீர்கள். எழுதுங்கள், கேளுங்கள், ஜெபியுங்கள். உங்கள் ஜெபம் என்னுடையதைப் போல உளறலாக இருந்தாலும் அவருக்கு விளங்கும். அவருக்கு மலையாளமும் தெரியும், தமிழும் தெரியும்.

அன்றைக்கு ரோஸ்லின் அக்கா ஊருக்குப் புதிது. கையில் ஒன்றுமில்லை. பஜார் ரோட்டில் முன்பின் தெரியாத ஒருத்தி மயங்கி விழுந்ததைப் பார்த்து ஓடிவந்து, ஒரு கிளாஸ் தண்ணீர் கொடுத்தார். அந்தத் தண்ணீர் எத்தனையோ வருஷம் கழித்துத் திரும்பி வந்து அவர் மானத்தைக் காத்தது. என் புத்தகத்தில் எல்லாப் பிழையும் திருத்தியாகிவிட்டது. அந்த ஒன்றை மட்டும் திருத்த வேண்டாம் என்று டேனியல் தம்பியிடம் கேட்டுக்கொண்டேன். வாங்கிப் பாருங்கள். ஒரு கிளாஸ் வெள்ளம் என்றே இருக்கும்.