அம்மா போடாத மாத்திரை

குற்றாலத்தில் தண்ணீர் நன்றாக விழுகிறது என்று டிவியில் காட்டினால் ஊரே சந்தோஷப்படும். எங்கள் அம்மா மட்டும் எழுந்து போய் இட்லி அரிசி எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பாள். தென்காசியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் வீடு அமைந்தது எவ்வளவு வசதி என்று அப்பா பெருமையடித்துக்கொள்வார். அந்த வசதி எங்களைவிட எங்கள் சொந்தக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

நான் மூன்றாம் வகுப்புப் படித்த வருஷம், சாரல் பிடித்துக்கொண்ட ஒரு புதன்கிழமை, அப்பாவின் அக்கா மதுரையிலிருந்து வந்து இறங்கினாள். கூடவே மாமா, அவர்கள் மகள், மாமாவின் தம்பிமார் இரண்டு பேரும் குடும்பத்தோடு. ஆக மொத்தம் ஒன்பது பேர். அத்தை மகள் தனக்குக் கடுமையான காய்ச்சல் என்று பள்ளிக்கூடத்துக்கு லீவ் லெட்டர் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். அந்தக் காய்ச்சலோடு ஒரு நாளைக்கு மூன்று தடவை அருவியில் குளித்தாள்.

அருவியில் குளித்தவர்களுக்கு வரும் பசி சாதாரணப் பசி இல்லை. காலையில் குளித்துவிட்டு வந்தால் ஆளுக்கு ஆறு தோசை, அதையும் கல்லிலிருந்து நேராகத் தட்டுக்குக் கேட்பார்கள். சாரலில் துணி காயாது என்பதால் கூடத்தில் குறுக்கும் நெடுக்குமாகக் கொடி கட்டியிருந்தோம். அடுப்படியிலிருந்து தோசையோடு வரும் அம்மாவின் முகத்தில் யாருடைய ஈரத்துண்டாவது அடிக்காமல் இருக்காது.

எனக்கோ ஒரே கொண்டாட்டம். தென்காசிப் பிள்ளைகளுக்கு விருந்தாளி வந்தால்தான் அருவி. ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் ஐந்தருவிக்குப் போவது என்றும், அங்கே எனக்கு ரம்புட்டான் பழம் வாங்கித் தருவது என்றும் மாமா வாக்குக் கொடுத்திருந்தார். நான் விரல் விட்டு நாள் எண்ணிக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது அம்மா நெற்றியில் ஒரு துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு அடுப்பு முன்னால் நின்றாள்.

"மண்டை இடிக்குட்டி" என்றாள்.

இதைக் கேட்டதும் வீட்டில் இருந்த அத்தனை பேரும் டாக்டராகிவிட்டார்கள். அத்தை சுக்கை உரசிப் பத்துப் போட்டால் பறந்துவிடும் என்றாள். உரசுகிற கல் எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. அம்மாவே பரணில் ஏறி எடுத்து, அம்மாவே உரசி, அம்மாவே பூசிக்கொண்டாள். மாமாவின் தம்பி நொச்சி இலை போட்டு ஆவி பிடிக்கச் சொன்னார். தண்ணீர் கொதித்ததும் அவருக்கே மூக்கடைப்பு ஞாபகம் வந்து, போர்வையை மூடிக்கொண்டு அவரே பிடித்துவிட்டார். அப்பாவின் வைத்தியம் காபி. "சூடா ஒரு காபி போட்டுக் குடி, சரியாயிரும்" என்றவர், "போடுததுதான் போடுத, எல்லாருக்கும் சேத்துப் போட்டுரு" என்றார். மாமா இவை எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. மாத்திரை வயிற்றைக் கெடுக்கும், பத்து தோலைக் கெடுக்கும், ஞாயிற்றுக்கிழமை ஐந்தருவியில் ஐந்து நிமிஷம் தலையைக் காட்டினால் போதும் என்று அடித்துச் சொன்னார்.

அப்போதுதான் அத்தை அந்தப் பேச்சை எடுத்தாள். "பாவம், அவளுக்கு முடியல. நாளைக்குக் காலம்பற நாம கெளம்பிருவோம்."

என் ஐந்தருவி, என் ரம்புட்டான், எல்லாம் ஒரு தலைவலியில் போகப் பார்க்கிறதே! பத்தையும் காபியையும் நம்பி உட்கார்ந்திருந்தால் ஆகாது என்று முடிவு செய்து, நானே தெருமுனை மருந்துக்கடைக்கு ஓடினேன்.

கடைக்கார அண்ணாச்சி லேசில் மாத்திரை தருகிறவர் இல்லை. காய்ச்சல் இருக்கா, வாந்தி இருக்கா, சாப்பிட்டாளா, தூங்கினாளா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அம்மா தூங்கி நான் பார்க்கவில்லை என்றேன். அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"வீட்ல விருந்தாளி வந்திருக்காவளா?"

"ஆமா அண்ணாச்சி, ஒம்போது பேரு."

"எப்பம் போறாவளாம்?"

கேட்டுவிட்டு அவர்பாட்டுக்குச் சிரித்தார். இரண்டு மாத்திரை இருந்த அட்டைத் துண்டைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். இன்றைக்கு நானும் குத்துக்கல்வலசையில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். சீசனில் தலைவலி என்று வரும் பெண்களிடம் நானும் அதே கேள்வியைக் கேட்கிறேன். சின்னப் பிள்ளைகளை அனுப்பினால் மட்டும் வாயைத் திறப்பதில்லை.

ஏனென்றால் நான் நேராக வீட்டுக்குப் போய், எல்லோரும் காபி குடித்துக்கொண்டிருந்த கூடத்தின் நடுவில் நின்று, பாடம் ஒப்பிப்பது போல ஒப்பித்தேன்:

"ஒரு மாத்திரை போட்டா போதுமாம். வெறும் வயித்துல போடக் கூடாதாம். விருந்தாளிவ எப்பம் போறாவன்னு அண்ணாச்சி கேட்டாரு."

மாமா உறிஞ்சிய காபி பாதியில் நின்றது. அப்பா எங்கே பார்ப்பது என்று தெரியாமல் காலண்டரைப் பார்த்தார். அத்தை தம்ளரைக் கீழே வைத்தாள்.

"எம் பொறந்த வீட்டுக்கு நான் வந்தது மருந்துக்கடை வரைக்கும் பேச்சாயிட்டாக்கும்" என்று எழுந்து, கொடியில் கிடந்த துணிகளை உருவிச் சொட்டச் சொட்டப் பையில் திணிக்க ஆரம்பித்தாள். வெள்ளிக்கிழமை பிறந்த வீட்டை விட்டுக் கிளம்பக் கூடாது என்பது அவளுக்கும் தெரியும். ஆனாலும் திணித்தாள்.

அடுப்படியிலிருந்து அம்மா ஓடி வந்தாள். நெற்றியில் சுக்குப் பத்து, கையெல்லாம் மாவு. அந்தக் கையோடு பையைப் பிடித்துக்கொண்டாள்.

"மதினி, பிள்ள என்னமோ ஒளறுது. நீங்க இப்படிப் போனா எனக்குச் சோறு எறங்குமா? திங்கக்கெழம வரைக்கும் நீங்க இருந்துதான் ஆகணும்."

"ஒனக்குத்தான் மண்டை இடிக்கே."

"எங்க இடிக்கு? அது அப்பமே போயிட்டு" என்று அம்மா நெற்றித் துணியை அவிழ்த்துக் காட்டினாள். அவிழ்த்த கையோடு பையிலிருந்த ஈரத்துணியை எடுத்துத் திரும்பவும் கொடியில் போட்டாள். இன்றைக்கு அதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது. அன்றைக்கு நான் கை தட்டினேன்.

அத்தை மனமிரங்கினாள். திங்கட்கிழமை வரை இருப்பதாக ஒப்புக்கொண்டாள். செவ்வாய்க்கிழமையும் கிளம்பக் கூடாது என்பதால் அது புதன்கிழமை ஆயிற்று.

ஞாயிற்றுக்கிழமை ஐந்தருவிக்குப் போனோம். "தலையைக் காட்டும்மா, ஒரே அடியில போயிரும்" என்று மாமா அருவிக்குள்ளிருந்து கத்தினார். பைகளையும் துண்டுகளையும் செருப்புகளையும் குரங்கிடமிருந்து காப்பாற்ற ஆள் வேண்டாமா? அம்மா கரையிலேயே கையில் ஒரு குச்சியோடு உட்கார்ந்திருந்தாள். நான் பன்னிரண்டு ரம்புட்டான் தின்றேன்.

புதன்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது வீடு அமைதியாக இருந்தது. கொடிகளை அவிழ்த்துவிட்டிருந்தார்கள். அம்மா அடுப்படியில் காலை நீட்டி உட்கார்ந்து, தனக்கென்று ஒரு முறுகல் தோசை சுட்டு, நிதானமாகத் தின்றுகொண்டிருந்தாள். நெற்றியில் துணி இல்லை, பத்து இல்லை. நான் வாங்கி வந்த மாத்திரைதான் வேலை செய்திருக்கிறது என்று நினைத்து, அம்மா அதைச் செருகி வைத்திருந்த கடுகு டப்பாவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். அட்டையில் இரண்டும் அப்படியே இருந்தன.

"ஏம்மா, மாத்திரையே போடலியே, பொறவு எப்படித் தலைவலி போச்சு?"

"ரெண்டே கால் மதுரை பஸ்ல போச்சுட்டி" என்றாள் அம்மா.

நான் யோசித்தேன். அத்தையும் அதே பஸ்ஸில்தான் போயிருக்கிறாள். மதுரை போய்ச் சேர எவ்வளவோ நேரம் ஆகும்.

"அப்பம் அத்தைக்குத் தலை வலிக்குமே! இந்த மாத்திரைய ஒரு கவர்ல போட்டு அத்தைக்கு அனுப்பிருவமா?"

அம்மாவுக்குப் புரையேறிவிட்டது. தலையில் தட்டிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர வரச் சிரித்தாள். அந்த எட்டு நாளில் அவள் சிரித்து அப்போதுதான் பார்த்தேன். எதற்குச் சிரிக்கிறாள் என்று கேட்டதற்கு இன்னொரு தோசை ஊற்றி எனக்குக் கொடுத்தாள். நான் அந்த அட்டைத் துண்டை எடுத்து என் பென்சில் டப்பாவில் பத்திரப்படுத்தினேன். அடுத்த சீசனுக்கு அத்தை வந்து இறங்கியதும், எல்லோர் முன்னாலும், எதற்கு என்று விவரமாகச் சொல்லி, என் கையாலேயே கொடுக்க வேண்டும்.