இரண்டு படங்கள், ஒரே வாசல்

வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் படிக்கிற என் மகளுக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறார்கள். ஒன்றுக்கொன்று உறவில்லாத இரண்டு படங்களைப் பார்த்து, இரண்டுக்கும் பொதுவான கருவைக் கண்டுபிடித்து எழுத வேண்டுமாம். "ரெண்டுக்கும் ஒரு தொடுப்பும் இல்லப்பா" என்று சலித்துக்கொண்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த ஆராய்ச்சியை நான் எட்டு வயதிலேயே செய்து முடித்துவிட்டேன். முடிவை வெளியிட்ட இடம் எங்கள் ஊர்க் குருக்கள்மடத்து வாவி. இடுப்பளவு தண்ணீரில், ஒப்பாரியோடு.

அப்பா சவூதிக்கு வாகனம் ஓட்டப் போய் நான்கு வருடமாகியிருந்தது. வெள்ளிக்கிழமை வருகிறார் என்று தகவல் வந்ததும் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, முதல் நாளே டீவியும் வீடியோ டெக்கும் ஜெனரேற்றரும் வாடகைக்கு எடுத்துவந்தார். ஊரில் கரண்ட் இல்லை. சண்டைக்குப் பயந்து, பொழுது பட்டால் ஒருவரும் வீட்டைவிட்டு வெளிக்கிடாத காலம் என்பதால் படம் பார்ப்பது பட்டப்பகலில்தான். சன்னல்களுக்குச் சாக்குக் கட்டி இருட்டை நாங்களே தயாரித்துக்கொள்வோம். எப்போதும் இரண்டு படம் வரும். பெண்கள் அழுவதற்கு ஒன்று, பொடியன்கள் அலறுவதற்கு ஒன்று.

அழுகைப் படத்தில் கப்பலுக்குப் போன கணவன் வருடக்கணக்காகி, தாடியும் தானுமாக வாசலில் வந்து நிற்பான். மனைவிக்கு அவன்தான் என்று மட்டுக்கட்டத் தெரியாது. அலறல் படம் இங்கிலீசு. பனிக்காட்டில் காணாமல்போன ஒருவனின் உருவத்தை ஏதோ ஒரு பிராணி எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக் கதவைத் தட்டும். மாமாவுக்கு இங்கிலீசு தெரியாது. ஆகவே அவர்தான் மொழிபெயர்ப்பாளர். "புருசன் எண்டு நினைச்சுக் கதவத் திறக்கிறாள் பேய்ச்சி! தோல்தான் அவன்ட, உள்ளுக்கு இருக்கிறது வேற சாமான்!"

இரண்டு படத்திலும் கதவு திறக்கிற அந்த இடத்தில் அம்மா எழுந்து குசினிக்குப் போனார். அடுப்பில் ஒன்றும் இருக்கவில்லை. அம்மாவுக்கும் பயம் என்று முடிவுசெய்தேன். பொதுவான கரு எனக்குப் பளிச்சென்று விளங்கியது: தூரதேசம் போனவன் திரும்பி வந்தால், வந்திருப்பது அவன்தான் என்று நம்பக் கூடாது.

சோதனைக்கு என்னிடம் ஒரு கேள்வி இருந்தது. அப்பா போவதற்கு முன் நாங்கள் இரண்டு பேரும் களவாகத் தயிர் எடுக்கப் போய்ச் சட்டியைப் போட்டு உடைத்து, பழியைப் பூனையின் தலையில் கட்டியிருந்தோம். அது எங்கள் இருவருக்கும் மட்டுமே தெரிந்த இரகசியம்.

வெள்ளிக்கிழமை வாசலில் வந்து நின்ற வான் வண்டியிலிருந்து ஒருவர் இறங்கினார். இருந்த மீசை இல்லை, இல்லாத வயிறு இருந்தது. அத்தர் மணந்தது. வாசல் படலையில் நின்ற அம்மாவைக் கண்டு ஒரு கணம் தயங்கினார். சொந்தப் பெண்சாதியைப் பார்த்து எந்த அப்பா தயங்குவார்?

"தயிர்ச் சட்டிய உடைச்ச ஆரு?" என்றேன், வணக்கம் சுகம் ஒன்றுமில்லாமல்.

அவர் அம்மாவை ஒருதரம் பார்த்தார். "பூனை" என்றார்.

"மாமா! இது வேற சாமான்!" என்று கத்திக்கொண்டு ஓடினேன். என்னிடமிருந்த தைரியமெல்லாம் காலுக்கு இறங்கியிருந்தது. வளவைத் தாண்டி, கண்டல் பற்றைக்குள் புகுந்து, வாவிக்குள் இறங்கித்தான் நின்றேன். அங்கே முதலை உண்டென்று எனக்குத் தெரியும். முதலை பரவாயில்லை என்று தோன்றியது. அது முதலையாகவே வரும்.

மாமா கரையில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வந்தவர் மட்டும் புதுச் சப்பாத்தோடு தண்ணீருக்குள் இறங்கி வந்து என்னைத் தூக்கினார். காதுக்குள் சொன்னார்: "சத்தம் போடாத மனே. நாமதான் உடைச்சம். கொம்மாக்கு முன்னால அத எப்பிடிச் சொல்லுற?"

மகள் இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். அப்பாவும் அம்மாவும் இப்போது இல்லை. அந்தத் தோலைப் போர்த்திக்கொண்டு எது வந்து என் படலையில் நின்றாலும், இன்றைக்கு ஒரு கேள்வியும் கேட்காமல் உள்ளே கூப்பிடுவேன்.

மகளுக்குச் சொல்லாத ஒன்று இருக்கிறது. அந்த வெள்ளிக்கிழமை காலை அம்மா சுவர்க் கண்ணாடியைக் கழற்றி வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். நெற்றியோரத்து நரையை உள்ளே தள்ளிவிட்டார். கன்னத்து எலும்பைத் தடவிப் பார்த்தார். பிறகு என்னிடம் கேட்டார்:

"மனே, கொப்பா போகக்குள்ள நான் இப்பிடியா இருந்தன்?"

எனக்கு அதற்கெல்லாம் நேரமிருக்கவில்லை. "அத விடுங்கம்மா. வாறது அப்பாதானோ எண்டு நீங்க எப்பிடிப் பாப்பீங்க?" என்றேன்.

அம்மா கண்ணாடியைத் திரும்ப மாட்டினார், அதன் முகம் சுவர்ப்பக்கமாக.