கேஜ் முள்ளும் கீழே எரிந்த நெருப்பும்

1. முதல் நாள்

விருத்தாசலத்தில் இருபத்திரண்டு வருடம் செராமிக் சூளையில் நின்றவன் நான். வேப்பூர் ரோட்டில் டயர் பைராலிசிஸ் பிளான்ட்டில் ஷிப்ட் இன்சார்ஜாகச் சேர்ந்த முதல் நாளே, ஓடிக்கொண்டிருந்த ரியாக்டரைக் காட்டி, உள்ளே பார்க்க ஓட்டை எங்கே என்று கேட்டேன். சூளையில் அப்படித்தான் பார்ப்போம். பிளான்ட் இன்ஜினியர் செல்வி திட்டக்குடிக்காரர், என்னைவிடப் பத்து வயது சின்னவர். அவர் சிரிக்கவில்லை.

"அண்ணே, சூளைக்குக் காத்து வேணும். இதுக்குக் காத்தே ஆகாது. உள்ள ஆவியோட காத்து கலந்துச்சின்னா வெடிச்சிடும்."

பிறகு விளக்கினார். டயரை நாம் எரிப்பதில்லை. ரியாக்டர் என்கிற, மெதுவாகச் சுற்றும் பெரிய இரும்பு டிரம்முக்குள் அடைத்து, கதவை இறுக்கி, வெளியிலிருந்து முதலில் விறகு வைத்துச் சூடேற்றுகிறோம். ரப்பர் ஆவியாகிக் குழாய் வழியே கண்டன்சருக்குப் போய், குளிர்ந்து எண்ணெயாகிறது. குளிராத கேஸ் திரும்பி வந்து டிரம்முக்குக் கீழேயே எரிகிறது. உள்ளே கார்பன் தூளும் கம்பியும் மிஞ்சும்.

ஒரு வாரத்தில் எனக்குப் பிடிபட்டுவிட்டது. உள்ளே பார்க்க முடியாவிட்டால் என்ன, கீழே எரியும் நெருப்பைப் பார்க்கலாம். அது எனக்குத் தெரிந்த பாஷை.

2. முள் அசையாத மதியம்

எண்ணெய் வாங்க வந்த ஒருவரை முதலாளி பிளான்ட்டுக்குள் கூட்டி வந்து காட்டிக்கொண்டிருந்தார். அன்று ஏற்றிய டயர் பேட்ச் பாதி ஓடியிருந்தது. கேஸ் நன்றாக வர வேண்டிய நேரம். ஆனால் பர்னரில் சுடர் மெலிந்துகொண்டே போனது. சூடு குறைகிறதென்று ஆட்கள் விறகு சேர்த்தார்கள். அப்படியும் சுடர் ஏறவில்லை. பிரஷர் கேஜைப் பார்த்தேன். முள் இருந்த இடத்திலேயே நின்றது.

டிரம் கொதிக்கிறது, கேஸ் வரவில்லை என்றால் எங்கோ அடைத்திருக்கிறது. கேஜ் அடைப்புக்கு அந்தப் பக்கம் இருந்தால் எதையும் காட்டாது. விறகை வெளியே இழுத்து நனைக்கச் சொல்லிவிட்டு, பர்னரை மூடினேன்.

முதலாளி வேகமாக வந்தார். "கேஜ் சரியாத்தானங்க இருக்குது? பார்ட்டி வந்திருக்கிற நேரத்துல இப்பிடி நிறுத்துறீங்களே."

"முள்ளு சரியாத்தாங்க இருக்குது. நெருப்பு சரியில்ல. மொதல்ல எல்லாரும் கேட்டுக்கு வெளிய போங்க."

அவர் செல்வியைப் பார்த்தார். செல்வி ஒரு கணம் தயங்கிவிட்டு, வந்தவரின் கையைப் பிடிக்காத குறையாக வெளியே அழைத்துப் போனார். நாங்கள் கேட்டைத் தாண்டிய சற்று நேரத்தில் டிரம் கதவின் இடுக்கை அடைக்கும் கேஸ்கெட் ஓரமாக வெள்ளையாக ஆவி பீறிட்டது. கீழே நெருப்பு இருந்திருந்தால் பற்றியிருக்கும்.

இரண்டு நாள் ஆறவிட்டுக் குழாயைக் கழற்றினோம். வளைவில் தாரும் கார்பனும் சேர்ந்து கல்லாக இறுகியிருந்தன. கேஜும் சேஃப்டி வால்வும் அதற்கு அப்பால்தான் இருந்தன. டிரம் வாயருகே இன்னொரு ஜோடி பொருத்தினார்கள்.

3. மேரி நிறுத்தியது

அதற்குப் பிறகு செல்வி ஒரு விதி போட்டார். யாருக்குச் சந்தேகம் வந்தாலும் பர்னரை மூடலாம், யாரையும் கேட்க வேண்டாம்.

முதலில் மூடியவர் டயர் ஏற்றும் மேரி. டிரம் சுற்றும் சத்தம் மாறியதாகத் தோன்றியதாம். டிரம்மைத் தாங்கும் உருளையில் ஒரு கல் மாட்டியிருந்தது, அவ்வளவுதான். பேட்ச் பாதி வெந்து வீணானது. மேரி தலை குனிந்து நின்றார். எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள்.

"நாளைக்கும் அப்பிடித் தோணுச்சின்னா நிறுத்திடுங்க" என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். தப்பாக நிறுத்தியவரைத் திட்டினால், சரியாக நிறுத்த வேண்டியவர் அடுத்த முறை தயங்குவார். அந்தத் தயக்கத்துக்கு ரியாக்டர் நேரம் கொடுக்காது.