கடைசி பெஞ்சில் தலைமையாசிரியர்கள்

அறுபதுகளின் தொடக்கத்தில், நெய்வேலி நகரியத்தில் ஒரு தொடக்கப் பள்ளிக்கு என்னைத் தலைமையாசிரியை ஆக்கினார்கள். அந்தக் கோடையிலேயே தலைமையாசிரியர்களுக்குப் பயிற்சி வகுப்பு. வந்தவர்களில் பெண் நான் ஒருத்திதான். வகுப்பெடுத்தவர் நகரியத்திலேயே பெரிய பள்ளி ஒன்றின் தலைமையாசிரியர், மதுரைப் பக்கத்துக்காரர். ஆசிரியர்கள் பாடம் நடத்துவதை எப்படி மேற்பார்வையிடுவது என்று விளக்கிக்கொண்டிருந்தார்.

நான் எழுந்தேன். "சார், நாம போய் உக்காந்ததுமே அந்த டீச்சர் பயந்துபோறாங்களே, அதுக்கு என்ன செய்யறது?"

"பயப்படட்டும்னுதானம்மா போறோம்," என்று சிரித்தார். "இதெல்லாம் உங்களுக்குப் புரியாது. வெளிய போயி டீ வந்திருச்சான்னு பாருங்க."

அறையே சிரித்தது. போய்ப் பார்த்தேன். டீ வந்திருந்தது. எல்லோருக்கும் நானே எடுத்துக் கொடுத்தேன்.

இந்த மனிதருக்கு ஒருநாள் நான் வகுப்பெடுக்க வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன். அதற்குப் பிறகு எந்தப் பயிற்சியையும் விடவில்லை. கடலூர், சிதம்பரம், ஒரு கோடை முழுக்க மெட்ராஸ். சுரங்கத்தில் ஷிப்ட் முடித்து வரும் என் கணவர், "லீவுலகூடப் படிப்பா?" என்பார். எனக்குப் படிப்பில் ஆசை என்று எல்லோரும் நினைத்தார்கள். ஆசையாவது! வஞ்சம்.

சில வருஷங்களில் பயிற்சி நடத்தும் பொறுப்பு என்னிடம் வந்தது. அந்த மதுரைக்காரரும் வந்து உட்கார்ந்திருந்தார். வகுப்பில் பிள்ளைகள் வேண்டும் என்பதற்காகப் பயிற்சியைப் பள்ளி நாளிலேயே வைத்திருந்தேன்.

"நம்மில் ஒருத்தர் அஞ்சாம் வகுப்புக்குப் பாடம் நடத்தணும். மத்தவங்க கடைசி பெஞ்சில உக்காந்து பார்ப்போம். எல்லாரும் கருத்துச் சொல்லி முடிக்கிறவரைக்கும் நடத்தினவர் பேசக் கூடாது," என்றேன். பிறகு அவரைக் கூப்பிட்டேன்.

சாக்பீஸைத் தொட்டே பல காலம் ஆகியிருக்கும். பின்னக் கணக்கில் பாதியில் தடுமாறினார். ஒரு சிறுமி தவறைச் சுட்டிக்காட்ட, "உக்காரு!" என்று கத்தினார். அதன் பிறகு ஒரு கைகூட உயரவில்லை.

பிள்ளைகளை அனுப்பிவிட்டுக் கருத்துக் கேட்டேன். அன்று என்னைப் பார்த்து உரக்கச் சிரித்தவர்களில் ஒருவர்தான் முதலில் பேசினார். "சார் கத்தினதும் புள்ளைங்க அப்படியே நடுங்கிக்கினு உக்காந்துடுச்சிங்க."

பாடம் நடத்தியவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"இன்னும் முடியல சார்," என்றேன்.

வாயை மூடிக்கொண்டு கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். எல்லோரையும் கேட்டு முடித்த பின், தேவையே இல்லாமல் இரண்டாம் சுற்றும் கேட்டேன். இனித்தது.

மாற்றல் வாங்கிக்கொண்டு ஓடுவார் என்று எதிர்பார்த்தேன். அடுத்த வாரம் என் பள்ளிக்கு வந்து நின்றார். "டீச்சர், உங்க ஸ்கூல்ல வகுப்பு எப்படி நடக்குதுன்னு பாக்கலாமா?" முதல் பீரியட் முழுக்க வராந்தாவில் நிற்கவைத்தேன். நின்றார். அந்த வருஷமெல்லாம் அடிக்கடி வந்தார். அவர் பள்ளி ஆசிரியர்கள், "சார் இப்பல்லாம் ரொம்ப மாறிட்டாருங்க. உங்களாலதான்," என்று என்னையே பாராட்டினார்கள்.

வருஷக் கடைசியில் எல்லோர் முன்னாலும் அவர் கைகூப்பி எனக்கு நன்றி சொன்னார். "பரவாயில்ல சார்," என்று நானும் கும்பிட்டேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். வஞ்சம் தீர்க்கப் போய் அவருக்கு நல்லதல்லவா செய்துவிட்டேன்! அத்தனையும் ஆத்திரம்.